பழைய மரக் கேனோவுக்குக் கித்தானா, ஃபைபர் கிளாஸா?

அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குப் பக்கத்திலும் பழைய கொட்டகைகளில் கித்தான் போர்த்திய மரக் கேனோக்கள் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகுகள்) இன்னமும் அகப்படுகின்றன. பெயின்ட் வெடித்து, துணி கிழிந்த ஒன்று கைக்கு வந்தால் முதல் கேள்வி இதுதான்: மறுபடி கித்தானா, ஃபைபர் கிளாஸா?

அதற்கு முன் செய்தவர் யார் என்று பாருங்கள். படகின் உள்ளே, முனையில் வளைந்து மேலேறும் கட்டையின் அடிப்பகுதியில் அழுக்கைத் துடையுங்கள். ஒரு நீண்ட எண், சற்றுத் தள்ளி 16, 17 அல்லது 18 என்று அச்சு தெரிந்தால் அது பெரும்பாலும் ஓல்டு டவுன் என்ற நிறுவனம் செய்த படகு. கடைசி எண் அடிக்கணக்கில் நீளம். அந்த நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் பெருமளவு பிழைத்திருக்கின்றன. என்ன மரம், முதலில் பூசிய நிறம், எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பது வரை கிடைக்கும். மெயினில் வீசி என்ற ஊரிலிருந்த மாரிஸ் கேனோத் தொழிற்சாலையோ 1919-இல் தீக்கிரையானது. அதன் படகுகளுக்கு அப்படிப் புரட்ட ஏடில்லை. மர வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, போர்வைக்கு வருவோம். ஃபைபர் கிளாஸின் கவர்ச்சி புரிகிறது: வேலை சீக்கிரம் முடியும், பாறையில் உரசினாலும் சட்டென்று கிழியாது. ஆனால் போர்வைக்கு அடியிலுள்ள செடார் மரப் பலகை ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர்தான் தடிமன். ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதோடு சேர்ந்து ரெசின் (ஃபைபர் கிளாஸை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) அசையாது. நாளடைவில் இடையில் நீர் புகுந்து தங்கி, மரம் உள்ளுக்குள் மக்கும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பலகையைக் குறுக்கு வளைவுகளோடு (நம்மூர்ப் படகில் வங்கு என்பார்களே, அதுதான்) சேர்ப்பவை சிறு பித்தளை ஆணிகள். வெளியிலிருந்து அடிக்கும்போது உள்ளே ஓர் இரும்பை அணை கொடுப்பார்கள். ஆணி நுனி அதில் முட்டி, வளைந்து, திரும்பி மரத்துக்குள்ளேயே இறங்கும். ஒரு வங்கு முறிந்தால் அந்த ஆணித் தலைகளை வெளியிலிருந்து எட்டியாக வேண்டும். கித்தானை உரித்தால் எட்டலாம். ஃபைபர் கிளாஸை ஹீட் கன்னால் சூடேற்றிப் பெயர்த்தால் பலகையின் நாரும் சேர்ந்தே வரும்.

விமானத்துக்குப் போர்த்தும் டேக்ரான் துணி மூன்றாவது வழி. சூட்டில் சுருங்கி இறுகும், எடையும் குறையும். அடிக்கடி தோளில் சுமப்பவருக்குச் சரி; பழைய தோற்றம் மட்டும் வராது.

என் தேர்வு பத்தாம் நம்பர் பருத்திக் கித்தான்தான். துணியைத் தூளி மாதிரி இழுத்துக் கட்டி, படகை அதற்குள் இறக்கி, விளிம்பில் ஆணி அடிக்க வேண்டும். அப்புறம் ஆளிவிதை எண்ணெயும் சிலிக்காத் தூளும் கலந்த பூச்சை நெசவுக்குள் கையால் தேய்த்து ஏற்ற வேண்டும். முன்பு அதில் ஈயம் சேர்த்தார்கள்; பழைய பூச்சைச் சுரண்டும்போது முகமூடி கட்டாயம். புதுப் பூச்சு காய ஒரு மாதத்துக்கு மேலாகும். அந்த நாட்களில் விளிம்புக் கட்டைக்கு வார்னிஷ் அடிக்கலாம், பதிவேட்டில் இருந்த பழைய நிறத்தைக் கலந்து பார்க்கலாம்.