சிலிண்டர் பட்டியில் கோர்க்கும் ஈயப்பை: ஒரு பருவப் பாவனைக்குப் பின்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில், சுழியோடிகள் நீரில் தாழக் கட்டும் ஈயம் வாடகைக்குத் தரப்படும்போது பெரும்பாலும் இடுப்புப் பெல்ட்டில்தான் வரும். காற்றை விட்டு மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜக்கெட்டின் காற்று நெஞ்சுப் பக்கத்தைத் தூக்க, இடுப்பிலுள்ள 6 கிலோ கீழே இழுக்க, கால் தொங்கிவிடும். தொங்கிய காலால் உதைத்தால் துடுப்பு முருகைக்கல்லில் இடிபடும், மணல் கிளம்பும், காற்றும் வேகமாகத் தீரும். இந்தச் சோடிப் பைகள் அதைத் திருத்தத்தான். சிலிண்டரை இறுக்கும் பட்டி பையின் முதுகிலுள்ள வளையத்துக்குள்ளால் போகிறது. ஒவ்வொன்றிலும் 2 கிலோ வரை வைக்கலாம்.

தாராளமாக வாங்கலாம். ஆனால் தேவைக்கு மிஞ்சிய ஈயத்தை எங்கே மாற்றி வைத்தாலும் சுமை சுமைதான். முதலில் மொத்த எடையைச் சரிபாருங்கள். 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் (நிறைந்திருக்கும்போது) தாழும், 50 பாரில் மிதக்கப் பார்க்கும். இடையில் சுவாசித்துத் தீர்த்த காற்றின் எடையே ஏறக்குறைய 2 கிலோ. ஆகவே சோதனையை 5 மீற்றரில், 50 பாரில் செய்யவேண்டும். ஜக்கெட்டை முழுதாகக் காலியாக்கி, சாதாரண மூச்சில் அசையாமல் நில்லுங்கள். மேலே போனால் 1 கிலோ கூட்டுங்கள். தாழ்ந்தால் 1 கிலோ குறையுங்கள். 2 கிலோ மிஞ்சினால் அதைத் தாங்க ஜக்கெட்டில் 2 லீற்றர் காற்று வேண்டும். 10 மீற்றரிலுள்ள அந்த 2 லீற்றர், 5 மீற்றரில் 2.7 லீற்றராகும், மேற்பரப்பில் 4 ஆகும். மேலே வருமுன் 5 மீற்றரில் தரித்து நிற்கும் நேரத்தில் நிற்க முடியாமல் பலர் மேலே பாய்வது இதனால்தான்.

எடை சரியென்றால், 6 கிலோவில் 2 கிலோவை மட்டும் பைகளுக்கு மாற்றுங்கள்: இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1. கையைக் கட்டிக்கொண்டு, துடுப்பை அசைக்காமல் கிடந்து பாருங்கள். இன்னும் கால் தாழ்ந்தால் சிலிண்டரை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தலைப்பக்கம் ஏற்றுங்கள். தலை தாழ்ந்தால் இறக்குங்கள். காலியாகும் அலுமினியச் சிலிண்டரின் அடிப்பக்கம் தூக்கும் என்பதால், நிறைந்த சிலிண்டரில் பிடித்த சமநிலையை நம்பவேண்டாம்.

1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் கிடக்கும் சுமார் 24 மீற்றர் போன்ற ஆழத்துக்குப் போகும்போது 3 மில்லிமீற்றர் தடிப்பான சுழியோடும் உடையும் நசுங்கி மிதப்பை இழக்கும். அந்தக் குறையை ஜக்கெட்டுக்குக் கொஞ்சம் காற்று விட்டு ஈடுசெய்யுங்கள். அங்கே நடுவில் ஈயத்தைத் தொடவேண்டாம்.

இந்தப் பையின் பெரிய குறை, அவசரத்தில் கழற்ற முடியாது. அதனால் எல்லா ஈயத்தையும் இதில் போடவே கூடாது. ஒரே இழுவையில் கழன்று விழும் ஈயம் பெல்ட்டில் இருக்கவேண்டும். அடுத்தது மூடியின் வெல்க்ரோ. கடற்கரை மணல் புகுந்தால் பிடி தளர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் திறந்து அலசி, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பருவம் முழுக்க நிற்கும். பையின் வாய் தலைப்பக்கம் பார்க்கும்படி கோர்த்தால், படகுக்கு ஏறும்போது மூடி திறந்தாலும் ஈயம் உள்ளேயே இருக்கும்.

பெல்ட்டில் மிச்சமிருக்கும் ஈயக் கட்டிகள் ஒரு பக்கம் வழுக்கி வந்தால் பையால் கிடைத்த சமநிலை கெட்டுவிடும். பெல்ட்டைக் கட்டியின் முதல் துவாரத்தால் எடுத்து, ஒருமுறை முறுக்கி, இரண்டாவது துவாரத்தால் விடுங்கள். அதன் பிறகு அது அசையாது.