டூடியா, த்ரீடியா? மார்பக எக்ஸ்ரேயில் ஒரு ஒப்பீடு

பாலக்கோட்டுச் சித்தி மேமோகிராம் எடுக்கத் தர்மபுரிக்கு வந்தபோது கேட்ட முதல் கேள்வி: "த்ரீடின்னா கரண்டு ஜாஸ்தி பாயுமா கண்ணு?" பாய்வது கரண்ட் இல்லை, கதிர். ஆனால் கேள்வி சரிதான்.

சாதாரண டிஜிட்டல் மேமோகிராமில் ஒரு கோணத்துக்கு ஒரு படம். ஒரு படத்துக்குத் திசு வாங்கும் கதிர் பெரும்பாலும் 2 மில்லிகிரேயை (கதிரை அளக்கும் அலகு) ஒட்டி இருக்கும். குறை என்னவென்றால், எல்லாத் திசுவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கேழ்வரகுக் கூடையில் புதைந்த கல்லை மேலே நின்று தேடுவதுபோல. அடர்த்தியான, அதாவது கொழுப்பு குறைந்து சுரப்பித் திசு மிகுந்த மார்பகத்தில் கட்டி அப்படித்தான் ஒளிந்துகொள்ளும்.

டோமோசிந்தஸிஸ் என்கிற த்ரீடியில் எக்ஸ்ரே ட்யூப் வில்போல வளைந்து நகர்ந்து, குறைந்த கதிரில் பல படங்கள் எடுக்கும். கணினி அவற்றை 1 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். மொத்தக் கதிர் டூடியை ஒட்டியே, சில கருவிகளில் சற்றுக் கூடுதல். இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் ஏறக்குறைய இரட்டிப்பு. த்ரீடியிலிருந்தே டூடி படத்தைக் கணினி உருவாக்கும் வசதிக்கு அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. அது உள்ள கருவியென்றால் இரட்டிப்புக்கு வேலையே இல்லை. எடுக்கும் முன் கேட்க வேண்டியது இதைத்தான்.

என் கட்சி: கொழுப்பு மிகுந்த மார்பகத்துக்கு டூடி போதும், அடர்த்தி என்றால் த்ரீடி. சித்திக்கு டூடியே போதுமென்றார் டாக்டர்.

அப்புறம் மார்பகத்தை அமுக்கிப் பிடிக்கும் அந்த அழுத்துப் பலகை, இரண்டிலும் உண்டு. திசு மெலிந்தால் கதிரும் குறையும், படமும் கூர்மையாகும். "இதுக்கு கரண்டே தேவலை" என்றபடி வெளியே வந்தார் சித்தி.