கூட்டுறவு சங்கமா, உழவர் கம்பெனியா: நாங்கள் கம்பெனி பக்கம் போன காரணம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை போடுகிற எங்கள் ஊர்க்காரர்களும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து விற்பது என்று முடிவானதும் வந்த முதல் கேள்வி, எந்தச் சட்டத்தில் பதிவது என்பதுதான். கூட்டுறவு சங்கமாகவும் பதியலாம், உழவர் உற்பத்தியாளர் கம்பெனியாகவும் பதியலாம். நாங்கள் கம்பெனியாகப் பதிந்தோம். அதன் இயக்குநர்களில் நானும் ஒருவன். புதிதாக ஆள் சேர்க்கிற குழுக்கள் இதே கேள்வியோடு எங்களிடம் வருவதால் இதை எழுதுகிறேன். என் சாய்வு கம்பெனி பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பொதுவான விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். இரண்டிலும் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. மத்திய அரசு 2020இல் தொடங்கிய 10,000 எஃப்பிஓ (உழவர் உற்பத்தியாளர் அமைப்பு) திட்டம் இரண்டு வடிவத்தையும் ஏற்றது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்றது. நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டில் 18 லட்சம் ரூபாய் வரை தந்தது. பங்கு மானியம் தலைக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு அமைப்புக்கு 15 லட்சத்துக்கு மிகாமல். ஆகவே கம்பெனியாக இருந்தால்தான் மானியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரியில் கூட்டுறவுக்குக் கை ஓங்கித்தான் இருக்கிறது. அதற்கு வருமான வரிச் சட்டத்தில் நெடுங்காலச் சலுகை உண்டு. கம்பெனிகளுக்கு 2018 பட்ஜெட் தந்தது கால வரம்பு போட்ட சலுகை. ஆனால் எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்குத் தொடக்கத்தில் வரி கட்டும் அளவுக்கு லாபம் எங்கே வருகிறது? அதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

முடிவெடுக்க வைத்தது ஒன்றே ஒன்றுதான்: உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழுவை வேறு யாராவது வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

தமிழ்நாட்டில் கூட்டுறவின் கதை பெருமைக்குரியது. 1904இல் சட்டம் வந்ததுமே திருவள்ளூர் மாவட்டம் திரூரில் கிராமக் கடன் சங்கம் தொடங்கியது. நாட்டிலேயே முதல் வரிசையில் நின்றவர்கள் நாம். அதே மாநிலத்தில் 1976இல் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். இருபது வருடம் என்றால் ஒரு தலைமுறை விவசாயி தன் சங்கத்துக்கு ஓட்டே போடாமல் வளர்ந்திருக்கிறான். அந்தத் தேர்தலில் வந்த குழுக்களும் 2001இல் ஆட்சி மாறியதும் போய்விட்டன; திரும்பவும் தனி அலுவலர்கள். 2011இல் நிறைவேறிய 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம், குழுவின் காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தியாக வேண்டும் என்றது. ஆனால் கூட்டுறவு மாநிலத்தின் அதிகாரத்தில் வருவது, பாதி மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதியை ரத்து செய்தது. 2018இல் வந்த குழுக்களின் ஐந்தாண்டு 2023இல் முடிந்தபோதும் அந்த நாற்காலிகளுக்குத் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள்.

நான் எந்த அலுவலரையும் குறை சொல்லவில்லை. ஒருவர் கையில் பல சங்கங்கள் இருக்கும். சங்கத்துக்கு நஷ்டம் வந்தால் கூட்டுறவுச் சட்டத்தின் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வை, அதாவது நஷ்டத்தைத் தன் கையிலிருந்து கட்டச் சொல்லும் உத்தரவு, தன் தலையில் விழுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அப்படிப்பட்டவர் துணிந்து வியாபாரம் செய்வாரா? நிலக்கடலையில் அறுவடை உச்சத்தில் வரத்து குவிந்து விலை இறங்கும். அப்போது பாதிக் காயை இருப்பு வைப்பதா, எண்ணெய் ஆலைக்கு இன்றைக்கே தள்ளுவதா, உடைத்துப் பருப்பாக விற்பதா என்று அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும். கோப்பு போய்த் திரும்பி வருவதற்குள் வியாபாரி வேறு ஊரில் லாரி ஏற்றிவிடுவான். தவறினால் நஷ்டம் எங்களுக்கு, எடுத்தால் லாபமும் எங்களுக்கு என்ற நிலையில் இருப்பவர்கள்தான் இந்த முடிவை எடுக்க முடியும்.

கம்பெனிச் சட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழு சொன்ன யோசனைப்படி 2002இல் கொண்டுவந்த திருத்தம்தான் உற்பத்தியாளர் கம்பெனி என்ற வடிவத்தைத் தந்தது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதியலாம். இயக்குநர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர். மாவட்ட நிர்வாகமோ கூட்டுறவுத் துறையோ அந்தக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை உட்கார வைக்க முடியாது. ஆட்சி மாறினாலும் எங்கள் பொதுக்குழு தேர்ந்தெடுத்தவர்கள்தான் இருப்பார்கள்.

சரி, இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? காகித வேலை. கணக்குத் தணிக்கை ஒன்று, உள் தணிக்கை ஒன்று, வருடாவருடம் கம்பெனிப் பதிவாளருக்கு அறிக்கைகள். ஒரு படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம், படிவத்துக்குப் படிவம் தனியாக. தொடர்ந்து மூன்று நிதியாண்டு அறிக்கை தராவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். பொதுக்குழுவுக்கு உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கு பேர் வந்தாக வேண்டும். ஆயிரம் பேர் இருந்தால் 250 பேர். களை எடுக்கிற நேரத்தில் கூட்டம் போட்டால் வரமாட்டார்கள், ஊர்த் திருவிழாவை ஒட்டிப் போட்டால் வருவார்கள். முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் கட்டாயம் வேண்டும், அவர் உறுப்பினராகவும் இருக்கக் கூடாது. திட்டத்தில் அவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரைதான் அனுமதி. அந்தச் சம்பளத்துக்குக் கணக்கும் வியாபாரமும் தெரிந்த பையனையோ பெண்ணையோ ஊரில் நிறுத்திவைப்பது கஷ்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனியாக்கிக் கொடுக்கிற வழிகாட்டி அமைப்பின் அலுவலகத்திலேயே விவசாய இயக்குநர்கள் ஆன்லைனில் கையெழுத்திடப் பயன்படுத்தும், பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கிடப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் அங்கேதான். தனி அலுவலர் வேண்டாம் என்று கம்பெனிக்குப் போய், கையெழுத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் என்ன பயன்? டோக்கன் இயக்குநர் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். படிவம் போடும்போது ஆடிட்டர் அலுவலகத்துக்கு நீங்களே எடுத்துப் போய், போட்டதும் எடுத்து வந்துவிடுங்கள்.

கடன் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. சங்கமாக இருந்தால் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி என்று போக ஒரு இடம் இருக்கிறது. கம்பெனிக்குக் கடன் தர, தேசிய வேளாண் வங்கியான நபார்டின் துணை நிறுவனம் நாப்கிசான் போன்றவை இருக்கின்றன, 2 கோடி வரையிலான திட்டக் கடனுக்கு உத்தரவாத ஏற்பாடும் இருக்கிறது. நாங்கள் இதுவரை சிறிய நடைமுறை மூலதனத்தைத் தாண்டிப் போகவில்லை, அதனால் பெரிய கடனில் எது சுலபம் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மானியக் காலம் முடிந்த பிறகு ஆடிட்டர் செலவையும் சம்பளத்தையும் வியாபாரமே தாங்குமா என்பதும் ஒவ்வொரு கம்பெனியும் தானே தாண்ட வேண்டிய கட்டம். வருட விற்பனை சில லட்சங்களில் நின்றுவிட்டால் தாங்காது என்றுதான் எங்கள் கணக்கு சொல்கிறது.

கம்பெனியில் சேர்ந்ததால் உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை. விட்டுவிடவும் கூடாது. பயிர்க் கடன் அங்கேதான். 2021இல் தள்ளுபடியான 12,110 கோடி ரூபாயும் கூட்டுறவு வழியாக வாங்கிய பயிர்க் கடன்தான். எங்கள் உறுப்பினர்கள் பெரும்பாலும் கடனுக்குச் சங்கம், விற்பனைக்குக் கம்பெனி என்று இரண்டிலும் இருக்கிறார்கள்.

பால் என்றால் என் பதில் வேறு. காலையும் மாலையும் கறந்ததை அன்றன்றே எடுத்துக் குளிர்விக்க வேண்டும். ஆவினின் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புதிதாகக் கட்ட ஒரு சின்னக் கம்பெனியால் ஆகாது. திருப்பதியில் பெண்களே உறுப்பினராக உள்ள ஸ்ரீஜா பால் உற்பத்தியாளர் கம்பெனி நன்றாக நடக்கிறதே என்று கேட்பார்கள். அதற்குப் பின்னால் தேசியப் பால்வள வாரியத்தின் கை இருந்தது. அந்தத் துணை இல்லாமல் பாலில் இறங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இந்தத் தேர்வே வேண்டியிராத ஒரு வழி உண்டு. ஆந்திரம் 1995இல் தனிச் சட்டம் போட்டு, அரசுப் பங்கு வாங்காத சங்கங்களில் அரசு தலையிடாதபடி செய்தது. கர்நாடகம் 1997இல் அதே நோக்கத்தில் சௌஹார்தச் சட்டம் கொண்டுவந்தது. நம்மிடம் இருப்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். அரசின் பணம் வாங்காத சங்கத்துக்குத் தன் தேர்தலைத் தானே நடத்தும் உரிமை தருகிற சட்டம் இங்கேயும் வந்தால், ஐம்பது அறுபது பேர் சேர்ந்த சின்னக் குழுக்களைக் கம்பெனிச் சட்டத்தின் படிவங்களுக்குள் தள்ள வேண்டியிருக்காது. அப்படி ஒரு சட்டம் வந்தால் அந்தக் குழுக்களுக்கு நானே சங்கம் என்றுதான் சொல்வேன்.