பெயர்ப்பலகை இல்லாத பட்டறையில் மூன்று பழைய நாற்காலிகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒயர் பின்னிய இரண்டு இரும்புக் குழாய் நாற்காலிகளும், முன்வாசல் தாழ்வாரத்தில் கேன்வாஸ் துணி மாட்டிய ஒரு தேக்குமர ஈசி சேரும் பல ஆண்டுகளாக யாரும் உட்கார முடியாத நிலையில் கிடந்தன. ஈசி சேர் தாத்தா காலத்தது. இரும்பு நாற்காலிகளை 1978இல் சேலத்தில் வாங்கி, தெரிந்தவர் ஒருவரின் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததாக அப்பா சொல்வார். பழைய இரும்பு வாங்க வந்தவர் அவற்றைக் கையால் தூக்கிப் பார்த்து எடைக்கு ஒரு விலை சொன்னபோது, அந்தத் தொகை இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது என்பதால்தான் பழுதுபார்க்கும் எண்ணமே எனக்கு வந்தது. கிருஷ்ணகிரி நகரின் பழைய பகுதியில், பெயர்ப்பலகை இல்லாமல் இயங்கும் ஒரு சிறிய பட்டறையில் கடந்த ஏப்ரலில் மூன்றையும் ஒப்படைத்தேன். அங்கு நடந்த வேலையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகை. ஒரு வெல்டிங் இயந்திரம், பொருளைச் சுழற்றிக் கடையும் ஒரு பழைய லேத், மர வேலைக்கு ஒரு மேசை, அவ்வளவுதான். நடத்துபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கொண்டுபோன நாற்காலிகளைப் பார்த்ததும் அவர் விலை சொல்லவில்லை. ஒயர் நாற்காலி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, கால்களின் முனையை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க சார் இருந்தது, மழை படற எடத்துலயா?" என்று கேட்டார். ஒரு பொருள் ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளாமல் அதை மாற்றக் கூடாது என்பது அவருடைய வழக்கம் என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். இந்தப் பட்டறையின் பலம் முழுவதும் அந்த ஒரு வழக்கத்தில்தான் இருக்கிறது; அதை அவர் மறந்த ஓர் இடத்தில்தான் வேலையும் கெட்டது.

இரும்பு நாற்காலிகளில் மேற்புறம் பெயின்ட் உரிந்திருந்ததே தவிர, பார்வைக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் கால்களின் முனையில் இருந்த ரப்பர் புஷ்கள் எப்போதோ கழன்று விழுந்துவிட்டதால், திறந்த குழாய்க்குள் மழைநீர் ஏறித் தேங்கி, அடியிலிருந்து இரண்டு அங்குல உயரம் வரை இரும்பு உள்ளிருந்தே அரித்துப் போயிருந்தது. ஃப்ளோரன்ஸ் நோல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் ஃப்ளோரிடா வீட்டில் வெளிப்புற நாற்காலிகள் கடற்காற்றில் துருப்பிடித்ததால்தான், ரிச்சர்ட் ஷுல்ட்ஸ் அலுமினியச் சட்டங்களைக் கொண்டு 1966இல் தம்முடைய பெயர்பெற்ற நாற்காலி வரிசையை உருவாக்கினார். நம் ஊருக்குக் கடற்காற்று வராது. ஆனால் குழாய்க்குள் நான்கு நாள் நிற்கும் தண்ணீர் அதே வேலையைப் பொறுமையாகச் செய்துவிடுகிறது. புது பெயின்ட் அடித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தால், அடுத்த ஆண்டே யாராவது ஒருவர் கால் முறிந்த நாற்காலியோடு கீழே விழுந்திருப்பார்கள்.

அவர் அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய குழாயின் உள்ளே இறுக்கமாக நுழையும் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, அதன்மேல் புதிய கால்முனையைப் பொருத்தி வெல்டிங் செய்தார். வெளியே மட்டும் பற்றவைத்திருந்தால் மெல்லிய குழாய் அந்த இடத்திலேயே மடங்கும். உள்ளே இருக்கும் துண்டுதான் எடையைத் தாங்குகிறது. வெல்டிங் தழும்பைத் தேய்த்துச் சமப்படுத்திய பிறகு, மூட்டு எங்கே இருக்கிறது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு காலின் கீழ்ப்பகுதியிலும் உட்புறமாக ஒரு சிறிய துளையும் போட்டிருக்கிறார். தண்ணீர் எப்படியும் உள்ளே போகும், வெளியே வரத்தான் வழி வேண்டும் என்பது அவர் கணக்கு.

அடுத்த சிக்கல் புஷ். கடைகளில் கிடைப்பவை ஒரு அங்குலக் குழாய்க்கு உரியவை. எங்கள் நாற்காலியின் குழாயோ ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். துணியைச் சுற்றி அடித்து இறுக்குவது எல்லோரும் செய்யும் வழி, ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இவர் நைலான் கம்பியை லேத்தில் கடைந்து, மேலே காளான் தலை போல அகன்றும் உள்ளே சற்றே கூம்பியும் இருக்கும் எட்டு முனைகளைச் செய்து கொடுத்தார். ஒன்றுக்கு 40 ரூபாய். மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த எட்டு நைலான் துண்டுகள்தான். தரையில் இழுத்தால் கீச்சென்ற சத்தம் இல்லை, கோடு விழவில்லை, சுத்தியலால் தட்டாமல் கழற்ற முடியாது.

பவுடராகத் தூவிய பெயின்டை அடுப்பில் சூடேற்றி உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங் செய்ய அங்கே அடுப்பு இல்லை. சட்டங்களை ஓசூருக்கு அனுப்பித்தான் செய்து வாங்குகிறார். அந்த அடுப்பின் வெப்பம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதால், பழைய ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் சட்டத்தில் ஒட்டியிருக்கக் கூடாது. பழைய ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு சட்டத்துக்கு மட்டும் கோட்டிங் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வந்து சேர்ந்த பூச்சு சீராக இருந்தது. மூட்டுகளின் உட்புற மடிப்புகளில் மட்டும் இரண்டு இடங்களில் பவுடர் சரியாக ஏறவில்லை. சொன்னதும் அந்த இடங்களைத் தேய்த்து, பொருத்தமான நிறத்தில் பெயின்ட் தொட்டுக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஒயர் பின்னுவது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அம்மாள். பச்சை, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று நிறங்கள் மட்டுமே கையிருப்பில் இருந்தன. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் ஒயர் முதலில் விறைத்து, பிறகு நகம் பட்டாலே ஒடியும். எனவே எந்த ஒயர் போட்டாலும் அதற்கு ஓர் ஆயுள் உண்டு. எங்களுக்குப் பச்சை போட்டார்கள். பின்னல் நல்ல இறுக்கம். அம்மாள் ஒவ்வொரு சுற்றையும் முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்த விதத்தைப் பார்த்த பிறகு, பின்னல் கூலி அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேக்கு ஈசி சேரின் மரவேலையும் இதே தரம். எனக்கு ஃபிரெஞ்ச் பாலிஷ் போட்டுப் பளபளப்பாகப் பார்க்க ஆசை. அவர் மறுத்துவிட்டார். அரக்கில் செய்யும் அந்தப் பாலிஷ் ஈரம் பட்டால் வெள்ளை பூத்துவிடும். மழைச்சாரல் அடிக்கும் தாழ்வாரத்துக்கு அது ஆகாது. மரத்தைச் சோப்புத் தண்ணீரில் நாரின் போக்கிலேயே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஆளிவிதை எண்ணெயை இரண்டு தடவை பூசினார். இரும்பு நார் கொண்டு தேய்க்க அவர் விடவில்லை. அதன் துணுக்குகள் தேக்கில் மாட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளியாக மாறுமாம். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் கொட்டகைச் சுவரில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்திருந்ததையும் பார்த்தேன். குவித்து வைத்தால் அந்த எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதை அறிந்து செய்யும் பட்டறைகளை நான் அதிகம் கண்டதில்லை. தேய்ந்திருந்த பித்தளைக் கீல் ஆணிகளுக்குப் பதிலாக அதே கனத்தில் பித்தளைக் கம்பியை அறுத்துப் போட்டார். துணியை இரு முனைகளிலும் தாங்கும் உருளைக் குச்சிகளில் ஒன்று நடுவில் வளைந்திருந்ததால், இரண்டையும் புதிதாகக் கடைந்தார்.

கோளாறு துணியில் வந்தது. புதிய கேன்வாஸை வெட்டுவதற்கு அவர் அளவெடுத்தது பழைய துணியிலிருந்து. அந்தத் துணி நாற்பது ஆண்டுகள் மனிதர்களின் எடையைத் தாங்கி, தன் இயல்பான நீளத்தைவிட மூன்று அங்குலமாவது நீண்டிருக்கும். புதிய துணியும் உட்கார உட்காரச் சற்று நீளும். இரண்டும் சேர்ந்ததில், பத்தாவது நாளே என் இடுப்பு குறுக்குச் சட்டத்தில் இடித்தது. அளவைச் சட்டத்திலிருந்து எடுத்து, முதலில் கொஞ்சம் இறுக்கமாகவே விட்டிருக்க வேண்டும். இதோடு, குச்சி நுழையும் உறையைப் பருத்தி நூலால் ஒற்றைத் தையலில் தைத்திருந்தார்கள். ஜூலை மாதச் சாரலில் நனைந்து காய்ந்த பிறகு ஒரு பக்கம் விட்டுப் போனது. வெளியில் கிடக்கும் துணிக்குப் பாலியெஸ்டர் நூலும் இரட்டைத் தையலும் வேண்டும் என்பது ஷாமியானா தைப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குழாய் ஏன் அரித்தது என்று அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர், துணி ஏன் தொய்ந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் போனது எனக்கு வியப்புதான். திருப்பிக் கொண்டுபோனபோது மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். தையல் கூலி கேட்கவில்லை, துணிக்கு மட்டும் 450 ரூபாய் வாங்கினார். இரண்டாவது துணி சரியாக அமைந்திருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து நாள் என்றார். நாற்பத்து மூன்று நாள் ஆனது. மே மாதம் பிறந்ததும் மரவேலைக்கு இருந்த உதவியாளர் மாங்காய்ப் பெட்டி அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். கிருஷ்ணகிரியில் மாங்காய்ப் பருவத்தில் ஆள் கிடைக்காது என்பதை நான்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றாலும், ஒரு முறையாவது அவரே அழைத்துத் தாமதத்தைச் சொல்லியிருக்கலாம். ரசீதும் கிடையாது, சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிய கணக்குதான்.

ஒயர் நாற்காலி ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய், ஈசி சேருக்கு முதல் துணி உட்பட 2,900 ரூபாய். இந்தப் பணத்துக்குப் புது பிளாஸ்டிக் நாற்காலிகள் பல வாங்கலாம். அவற்றில் சாய்ந்து படுக்க முடியாது. போக நினைப்பவர்கள் ஜூலை முடிந்த பிறகு போகலாம். கழன்று விழுந்த பழைய புஷ், ஆணி, கீல் எதுவாக இருந்தாலும் ஒன்றையாவது தேடி எடுத்துக்கொண்டு போவது நல்லது. மாதிரி இருந்தால் அவர் அப்படியே கடைந்து தருகிறார். துணியை மட்டும், சட்டத்தின் அளவோடு, வேறு நல்ல தையல்காரரிடம் கொடுப்பேன். என் தம்பி வீட்டில் பிரம்பு பின்னிய நீண்ட கை நாற்காலி ஒன்று இருக்கிறது. அதைத் தோட்டத்தில் போட வேண்டும் என்று சொன்னதற்கு, பிரம்பு மழைக்கு ஆகாது, தாழ்வாரத்தில் போடுவதாக இருந்தால் மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.