பழைய ட்ரம்பெட் வாங்கப் போகிறீர்களா? 72,000 ரூபாய்க்கு நான் ஏமாந்த கதை

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும். இதுவரை கையில் இருந்தது யமஹா 2330, பழகும் பிள்ளைகளுக்கான மாடல். "அம்மா, இதைவிட நல்லதா ஒண்ணு வேணும்" என்று ஒரு வருஷமாக நச்சரிப்பு. போனஸ் வந்ததும் கிளம்பிவிட்டேன். அவளுடைய பேண்ட் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேதான் சறுக்கியது.

பாரிமுனைப் பக்கம், மாடியில் ஒரு கடை. புகார் போயிருப்பதால் பெயர் வேண்டாம். கடைக்காரர் வெல்வெட் பெட்டியைத் திறந்து, "பாக் ஸ்ட்ராடிவேரியஸ் மேடம், அமெரிக்கன் பீஸ். புதுசுன்னா லட்சக்கணக்குல ஆகும்" என்றார். பாக் என்பது ட்ரம்பெட் கம்பெனி, ஸ்ட்ராடிவேரியஸ் அதன் உயர்ரக மாடல். புதியதன் விலை பற்றி அவர் சொன்னது உண்மைதான், அதனால்தான் விழுந்தேன். 72,000 ரூபாயும் பழைய யமஹாவும் கொடுத்தால் போதுமாம். மகள் ஒரு ஸ்கேல் வாசித்துப் பார்த்தாள். விரலால் அமுக்கும் மூன்று வால்வுகளில் நடு வால்வு மேலே வர யோசித்தது. "ரொம்ப நாள் சும்மா கிடந்தது பாப்பா, ஆயில் விட்டா பறக்கும்" என்றார். ஒரு பாட்டில் ஆயில் இலவசம் வேறு.

வீட்டுக்கு வந்து நான்காம் நாள், "அம்மா, காத்து எங்கேயோ போகுது. மேல் ஸ்தாயிக்குப் போனா மூச்சு முட்டுது" என்றாள். ஆயில் விட்டும் வால்வு பறக்கவில்லை.

பெரம்பூரில் இருக்கும் மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப் போனோம். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. வால்வை அமுக்காமல், இரண்டாவது வால்வின் சின்ன ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டும் குழாயை மட்டும் மெல்ல வெளியே இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தன்னுடைய ட்ரம்பெட்டில் அதையே செய்தார். 'டப்' என்று தக்கை பிடுங்கின மாதிரி சத்தம். "இந்தச் சத்தம் வரணும்மா. வரலன்னா வால்வுலயோ ஸ்லைடுலயோ காத்து கசியுது. கடையிலயே பத்து செகண்ட்ல பாத்திருக்கலாம்."

அடுத்து மவுத்பீஸ் செருகும் குழாயை டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பினார். புதிதாக அடித்த லாக்கர் பூச்சுக்கு அடியில் மிளகளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள், நாலைந்து. எச்சில் ஈரம் பட்டுப் பட்டுப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் மிஞ்சினால் இப்படித் தெரியுமாம். உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருவது, பாலிஷ் போட்டால் போகாது. குழாயையே மாற்ற வேண்டும்.

கடைசியாகத்தான் பெயர். அசல் ஸ்ட்ராடிவேரியஸ் என்றால் நடு வால்வின் உறையில் சீரியல் நம்பர் குத்தியிருக்கும். இதில் அந்த இடம் மொழுக்கென்று இருந்தது. 1960-களின் நடுவிலிருந்து அவை அமெரிக்காவின் எல்கார்ட் நகரில்தான் தயாராகின்றன, பெல்லிலும், அதாவது விரிந்த வாய்ப்பகுதியிலும், அந்த ஊர்ப் பெயர் பொறித்திருக்கும். எங்களுடையதில் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம்! நாலு நாளாக வீட்டில் மூன்று பேர் துடைத்துத் துடைத்து வைத்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஏதோ ஒரு பழைய கருவிக்கு லாக்கர் அடித்துப் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

"முதல்ல மவுத்பீஸை 7சி சைஸ்ல இருந்து 3சி சைஸுக்கு மாத்திப் பாத்திருக்கலாம். அதுவும் போதலன்னா யமஹாவுலயே 4335, கோல்டு பிராஸ், அதான் செம்பு கூடின பித்தளை, பெல்லோட வருது. ஸ்கூல் பிள்ளைக்கு அது தாராளம். ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பக் கடைக்குப் போனால், "வித்த பொருள் வாபஸ் இல்லை மேடம்." பில்லை எடுத்துப் பார்த்தேன். 'இசைக்கருவி - 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிராண்டு இல்லை, மாடல் இல்லை, நம்பர் இல்லை. "பாக்னு நான் எங்க எழுதிக் கொடுத்தேன்?" என்று சிரித்தபடியே கேட்டார். நீங்கள் வாங்கினால் இந்த மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் படி இறங்கிவிடுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

யமஹாவைக் கேட்டதற்கு, மறுநாளே விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். இப்போதைக்கு மகள் பள்ளி ட்ரம்பெட்டில் வாசிக்கிறாள். சமீபத்தில் சென்னையில் யாராவது பழைய யமஹா 2330 வாங்கியிருந்தால் ஒரு தடவை பாருங்கள். பெல் விளிம்பில் கட்டைவிரல் அளவு நசுங்கல் இருக்கும், எட்டாம் வகுப்பில் பள்ளி பஸ்ஸில் விழுந்தது. பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு மயில் ஸ்டிக்கர், பாதி கிழிந்தது. அது எங்களுடையது. என்ன விலை சொன்னாலும் பேசிக்கொள்ளலாம்.