ஆறு வருசமாகப் புல் வெட்டும் மெசின்: பாதி டேங்கில் விக்கிய கதை

இந்த மெசினை 2019 தீபாவளிக்கு முந்திய மாதம் வாங்கினேன். 32 சிசி, டூ ஸ்ட்ரோக், தோளில் மாட்டும் ரகம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு பழைய தோட்டத்து லயம் இருந்த இடத்தை ஒட்டி இருக்கிறது. பால்மரமெல்லாம் போய் செம்பனை வந்துவிட்டது. லாலாங் புல் மட்டும் எங்கேயும் போகவில்லை. இரண்டு வாரம் சும்மா விட்டால் முட்டிக்கு வந்துவிடும். வீட்டைச் சுற்றி, மாரியம்மன் கோயில் வளாகம், தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் கூடிச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங் என்று மாதத்துக்கு நாலைந்து தடவையாவது இந்த மெசினுக்கு வேலை இருக்கும்.

முதல் நாலு வருசம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நைலோன் கயிறு, கிரீஸ், வருசத்துக்கு ஒரு பிளக், அவ்வளவுதான் செலவு. ஐந்தாம் வருசம் பிடித்தது சனி. ஸ்டார்ட் ஆகும், நன்றாக வெட்டும். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் தானாக ஏறி இறங்கும். திராட்டலை அமுக்கினால் உறுமாமல் விக்கும். காற்றைக் குறைக்கிற சோக்கைப் பாதி மூடினால் உயிர் வரும், திறந்தால் அணைந்துவிடும்.

இதுக்கு யூடியூப்பில் தேடினால் வருவதெல்லாம் கனடா, அமெரிக்கக்காரர்கள் கராஜில் நின்று பனி தள்ளும் மெசினைப் பிரிக்கிற வீடியோதான். அங்கே கோடை முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோல், அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பிசினாகி, ஜெட் துளையை அடைத்துவிடுகிறது. அவர்கள் பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்திருப்பதால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அவை ஃபோர் ஸ்ட்ரோக். கார்புரேட்டருக்கு அடியில் கிண்ணம் இருக்கும். நம்முடையதில் கிண்ணமே கிடையாது, மெல்லிய ரப்பர் சவ்வுதான் பெட்ரோலை இழுக்கிறது. இன்னொன்று, அந்தப் பனி மெசின்கள் பலவற்றில் ஏர் ஃபில்டரே இல்லை. பனியில் தூசி ஏது? நம் ஊரில் லாலாங் காய்ந்து பறக்கிற நாளில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் கோவிந்தா.

ஆனாலும் நோய் ஒன்றுதான். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் சாகிறது என்றால் எஞ்சினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பிளக்கைக் கழற்றினேன். காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெளுத்துப்போயிருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் இதை அலட்சியமாக விடக்கூடாது. பெட்ரோலில் கலந்து போகிற 2டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வரிசையாகச் செய்தேன். புது பிளக் போட்டு, இடைவெளியை 0.6 மில்லிமீட்டர் வைத்தேன். ஓட்டினேன், அருமை! அடுத்த சனிக்கிழமை மறுபடி விக்கல். ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். அருமை, பிறகு விக்கல். நாற்பத்தைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) புது கார்புரேட்டர், ஒரிஜினல் இல்லை, காப்பி. அதுவும் அரை மணி நேரம் அருமை. கடைசியில் பட்டணத்து வெர்க்‌ஷாப் ஒன்றுக்குத் தூக்கிப்போனேன். அங்கே பையன் கார்புரேட்டர் திருகாணியைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருகி, என் கண் முன்னால் ஓட்டிக் காட்டி, முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து பின்பக்கம் வெட்டி முடிப்பதற்குள் பழைய பாட்டு.

பக்கத்து வீட்டு மாமா தோட்டத்தில் முப்பது வருசம் மருந்து அடிக்கிற மெசின் தூக்கியவர். வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "தம்பி, எண்ணெ ஊத்தினதும் விக்குதா, கொறைஞ்ச பொறகு விக்குதா?"

"கொறைஞ்ச பொறகுதான் மாமா."

"அப்ப ஏன் மேலயே நோண்டுற? டேங்குக்குள்ள பாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சாமான் மாற்றும்போதும் டேங்கை நிரப்பித்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பிளக், ஃபில்டர், கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் சபாஷ் வாங்கிக் கொடுத்தது நிரம்பிய டேங்க். அந்தப் பையனும் நிரப்பித்தான் ஓட்டிக் காட்டினான்.

மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் போகப்போக விக்கும். அதனால் முதலில் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மூடியைத் தளர்த்தி மாட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. பிறகு கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழைப் பத்துத் தடவை அமுக்கினேன். பெட்ரோல் நிரம்பி நிற்க வேண்டிய குமிழில் நுரை நுரையாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. கம்பிக் கொக்கியால் டேங்குக்குள்ளிருந்து பெட்ரோல் போகும் டியூப்பை இழுத்தேன். நேராகப் பிடித்தால் குறையே தெரியவில்லை. விரலில் வளைத்ததும் வாய் திறந்தது, நகக்கீறல் நீளத்தில் ஒரு வெடிப்பு. டேங்க் நிரம்பியிருக்கும்போது அது பெட்ரோலுக்குள் முங்கியிருக்கும், எஞ்சினுக்குத் தெரியாது. மட்டம் பாதிக்குக் கீழே போனதும் அந்த வாய் வழியாகக் காற்றை உறிஞ்சும்.

ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) ஓரடி பெட்ரோல் டியூப் நாலு வெள்ளி, டேங்குக்குள் போடும் குட்டி ஃபில்டர் நாலு வெள்ளி. மீன் தொட்டிக்குப் போடுகிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பை வாங்காதீர்கள். பெட்ரோலில் கிடந்தால் குச்சியாட்டம் இறுகிவிடும். நுனியைச் சாய்வாக வெட்டினால்தான் டேங்கின் ரப்பர் துளைக்குள் நுழையும். குறட்டால் இழுத்து மாட்டினேன். கால் மணி நேர வேலை.

பழைய கார்புரேட்டரையே திரும்பப் போட்டுவிட்டேன். காப்பிச் சாமான் மைலோ டின்னில் கிடக்கிறது, ஸ்லோவில் அது ஒருநாளும் ஒழுங்காக நின்றதில்லை. அதற்குப் பிறகு ஒரு வருசமாக விக்கல் இல்லை. கலவை லிட்டருக்கு 40 மில்லி 2டி, அதாவது 25க்கு 1, என் மெசின் புத்தகத்தில் போட்டிருப்பது அதுதான். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைப்பதில்லை. மழைக்காலத்தில் மெசின் சும்மா கிடக்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி பண்ணி, அணைகிற வரை ஓட்டிவிடுவேன். இத்தனைக்கும் பிறகு கிளட்ச் பக்கம் ஒரு சலசலப்பு ஆரம்பித்திருக்கிறது, அது வேறு கதை.

போன மாதம் பள்ளி கோத்தோங் ரோயோங்கில் மச்சான் மெசினும் பலமில்லாமல் முக்கியது. பெரிய நிபுணன் போல டேங்கைத் திறந்து டியூப்பை இழுத்து வளைத்துக் காட்டினேன். ஒரு வெடிப்பும் இல்லை. மூன்று மாதம் கொட்டகையில் கிடந்த மெசின். புகைக்குழல் வாயில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டி வைத்திருந்தது.