டனலா, லோக்கல் பிரிட்ஜிங்கா? அலுவலக நெட்வொர்க்கில் ஆக்சஸ் பாயிண்ட் இணைக்க இரு வழிகள்

ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி) வழியே வயர்லெஸில் வரும் டேட்டா எந்த இடத்தில் கம்பி நெட்வொர்க்குக்குள் இறங்க வேண்டும்? மாடலையும் ஆன்டெனாவையும் பார்ப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். டனல் முறையில் எல்லா டேட்டாவும் கேப்வாப் (ஆக்சஸ் பாயிண்ட்டும் கன்ட்ரோலரும் பேசும் நெறிமுறை) உறைக்குள், எல்லா ஆக்சஸ் பாயிண்ட்களையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலர் வரை போய் அங்கே இறங்கும். லோக்கல் பிரிட்ஜிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் செருகிய சுவிட்ச் போர்ட்டிலேயே இறங்கிவிடும். செயல்படத் தொடங்கியபின் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

டனலுக்கு சுவிட்ச் பக்கம் வேலை குறைவு. ஒரே விலானில் (சுவிட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) சாதாரண ஆக்சஸ் போர்ட் போதும். சுவிட்ச் பார்ப்பது ஆக்சஸ் பாயிண்ட்டின் மேக் முகவரியை (வன்பொருள் அடையாள எண்) மட்டும்தான். ஆனால் கருவி தன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு சப்நெட்டில் (ஐபி முகவரிப் பிரிவு) இருந்தால், கன்ட்ரோலரின் முகவரியைச் சொல்ல டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) ஆப்ஷன் 43 அல்லது டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) பதிவு தேவை. நடுவில் ஃபயர்வால் இருந்தால் யுடிபி 5246, 5247 இரண்டையும் திறக்க வேண்டும். முதலாவது கட்டுப்பாட்டுக்கு, அடுத்தது டேட்டாவுக்கு. எல்லாம் சரியாக இருந்தும் கருவி சேர மறுத்தால் கன்ட்ரோலரின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி தவறினால் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு நிராகரிக்கப்படும்.

லோக்கல் பிரிட்ஜிங்குக்கு டிரங்க் போர்ட் (பல விலான்களைச் சுமக்கும் போர்ட்) வேண்டும். நிர்வாக விலான் டேக் (விலான் எண் குறி) இல்லாமல் நேட்டிவ்வாகவும், ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்குரிய (வைஃபை பெயர்) விலானும் டேக்குடனும் வர வேண்டும். ஒரு விலானை அனுமதிப் பட்டியலில் விட்டுவிட்டால், போனில் வைஃபை முழு சிக்னல் காட்டும், முகவரி மட்டும் 169.254 என்று தொடங்கும், அதாவது டிஎச்சிபியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். அந்த விலான் மேலே உள்ள சுவிட்ச் வரை போகிறதா என்று பாருங்கள்.

இந்த முறையின் உண்மையான சிக்கல் சுவிட்ச்சின் காவல் அமைப்புகளோடுதான். இணையும் ஒவ்வொரு போனின் மேக்கும் அந்த ஒரே போர்ட்டில் தெரியும். போர்ட் செக்யூரிட்டியில் (ஒரு போர்ட்டில் எத்தனை மேக் என்ற கட்டுப்பாடு) உச்சவரம்பு ஒன்று என்றிருந்தால், முதல் போன் பேசத் தொடங்கியதுமே போர்ட் அடைபடும். அதோடு அந்தப் பகுதியின் வைஃபை மொத்தமும் போய்விடும். போர்ட்டில் 802.1எக்ஸ் (அடையாளம் சரிபார்த்த பின்பே உள்ளே விடும் முறை) இருந்தால் அதை, ஒரு கருவி தேறினால் அதன் பின்னுள்ளவற்றையும் விடும் மல்ட்டி-ஹோஸ்ட் முறைக்கு மாற்ற வேண்டும். டைனமிக் ஆர்ப் இன்ஸ்பெக்ஷன் (ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்கும் ஆர்ப் பாக்கெட்களில் போலியைத் தடுக்கும் காவல்) இன்னும் நுணுக்கமானது: சிஸ்கோ சுவிட்ச்களில் நம்பகமற்ற போர்ட்டுக்கு இயல்பு வரம்பு வினாடிக்கு 15 ஆர்ப் பாக்கெட். ஒரு கணினிக்கு அது தாராளம். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இணையும்போது போதாது. அதற்காகப் போர்ட்டை நம்பகமானது என்று குறித்துவிடாதீர்கள், பாதுகாப்பே போய்விடும். வரம்பை உயர்த்துவதுதான் சரி.

நகர்ந்துகொண்டே பேசுவதில் டனல் தெளிவாக முந்துகிறது. மாடி மாறினாலும் ஐபி மாறாது, ஏனெனில் டேட்டா இறங்கும் இடம் மாறவில்லை. லோக்கலில் அதே விலானை எல்லா மாடி சுவிட்ச்களுக்கும் இழுக்க வேண்டும். சப்நெட் எல்லை தாண்டினால் அழைப்பு அறுபடும். டனலின் விலை வேறு விதம். பக்கத்து அறை பிரிண்டருக்குப் போகும் டேட்டாகூட கன்ட்ரோலர் வரை சென்று திரும்பும். மாற்றுக் கன்ட்ரோலர் இல்லையேல் அது விழுந்ததும் எல்லாம் விழும். விபிஎன் வழியே போனால் கூடுதல் ஹெடர் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மீறி, பிங் போகும், பெரிய பக்கங்கள் திறக்காமல் நிற்கும்.

மின்சாரத்தில் வேறுபாடில்லை. 802.3ஏஎஃப் (நெட்வொர்க் கம்பி வழியே மின்சாரம் தரும் தரநிலை) போர்ட் 15.4 வாட் தந்தாலும் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. அது போதாத கருவி எழுந்து நிற்கும், ஆனால் ரேடியோவின் ஒரு பகுதியை அணைத்துக்கொள்ளக்கூடும். அடுத்த தரநிலையான 802.3ஏடியில் கருவிக்கு 25.5 வாட் கிடைக்கும்; அதையே கேளுங்கள்.

எங்கள் தேர்வு: ஒரே கட்டடம், ஒரே சுவிட்ச் குழுமம் என்றால் லோக்கல். பல கட்டடங்களில் நடந்துகொண்டே வைஃபை போனில் பேசுவோர் இருந்தால் டனல். விருந்தினர் எஸ்எஸ்ஐடி எங்கும் டனலாக ஃபயர்வாலுக்கு வெளிப்புறம் போய் இறங்கட்டும். பல கருவிகளில் எஸ்எஸ்ஐடிக்கு ஒரு முறை என்று கலந்து வைக்கலாம். கிளை அலுவலகத்துக்கு லோக்கல்தான், தலைமையக இணைப்பு அறுந்தாலும் உள்ளே வேலை ஓடும். ஆனால் ரேடியஸ் சர்வர் (இணைபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது) தலைமையகத்தில் மட்டும் இருந்தால் அந்த நேரத்தில் புதிதாக இணைபவர் உள்ளே வர முடியாது. கிளையிலும் ஒரு மாற்று ரேடியஸ் வையுங்கள்.